தெரியாத பூங்காவில் காட்டுப் பாதை ஓட்டம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாலையில் ஓடிப் பழகியவர்கள் ஒருநாள் காட்டுப் பாதைக்கு வருவார்கள். அதுவும் பெரும்பாலும் வெளியூர் போன இடத்தில். பக்கத்தில் ஏதோ பூங்கா இருக்கிறது என்று யாரோ சொல்லியிருப்பார்கள், விடிந்ததும் ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அப்படிப் போகிறவர்கள் முந்தின இரவு என்னிடம் கேட்ட கேள்விகளும், போய்விட்டு வந்து முழங்காலைத் தடவிக்கொண்டே கேட்ட கேள்விகளும் கீழே இருக்கின்றன. பூங்கா என்றால் ஊஞ்சலும் சிமென்ட் பெஞ்சும் போட்ட பூங்கா இல்லை. மரம், மேடு, ஓடை, ஒற்றையடிப் பாதை, நடுநடுவே செல்போன் சிக்னல் செத்துப்போகும் இடங்கள், இவையெல்லாம் உள்ள பெரிய இயற்கைப் பூங்காவைச் சொல்கிறேன்.

சாலையில் 10 கி.மீ. சாதாரணமாக ஓடுகிறேன். பூங்காவின் 10 கி.மீ. பாதையை முதல் நாளே ஓடலாமா?

ஓடலாம், ஆனால் அது 10 கி.மீ. இல்லை. காட்டுப் பாதை ஓட்டக்காரர்களிடம் ஒரு கணக்கு உண்டு: ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் 1 கி.மீ. கூட்டிக்கொள்ள வேண்டும். பாதை 10 கி.மீ., மொத்த ஏற்றம் 400 மீட்டர் என்றால் உடம்புக்கு அது 14 கி.மீ. சாலையில் கிலோமீட்டருக்கு ஆறரை நிமிடம் வைத்து 65 நிமிடத்தில் முடிப்பவருக்கு இங்கே 91 நிமிடம். அதுவும் தரை நன்றாக இருந்தால். கல்லும் வேரும் சேறும் சேர்ந்தால் இன்னும் ஏறும்.

இன்னொரு கணக்கு பழசு. ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் நடப்பவர்களுக்காகச் சொன்னது. 5 கி.மீ. தூரத்துக்கு ஒரு மணி நேரம், அதற்கு மேல் 600 மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு மணி நேரம். அதே பாதைக்கு இதைப் போட்டால் 2 மணி 40 நிமிடம் வருகிறது. ஓடப்போகிறவனுக்கு நடக்கிற கணக்கு எதற்கு என்று தோன்றும். நடுவழியில் கால் பிரண்டு, மிச்சத்தை நடந்தே கடக்க வேண்டி வந்தால் தண்ணீரும் வெளிச்சமும் எத்தனை நேரம் தேவைப்படும் என்பதை அந்த எண்தான் சொல்லும். நான் இரண்டையும் போட்டுப் பார்ப்பேன். முதலாவது ஆசைக்கு, இரண்டாவது பைக்குள் என்ன வைப்பது என்று முடிவு செய்ய.

ஆனால் முதல் நாள் தூரத்தை வைத்து ஓடவே வேண்டாம் என்பதுதான் என் கட்சி. நேரத்தை வைத்து ஓடுங்கள். "இன்று மொத்தம் 80 நிமிடம், 35-ஆவது நிமிடம் எங்கே நின்றாலும் திரும்பிவிடுவேன்" என்று வாசலிலேயே முடிவு செய்துவிட்டு உள்ளே போங்கள். அந்த முடிவைக் காட்டுக்குள் வைத்து எடுக்க முடியாது. "அந்த வளைவு மட்டும், அதற்கப்புறம் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம்" என்று கால் இழுத்துக்கொண்டே போகும்.

போவதற்கு முன் வரைபடத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

சம உயரக் கோடுகளை. பள்ளிப் புவியியலில் படித்து மறந்த அதே கோடுகள்தான். கோடுகள் நெருங்கியிருந்தால் செங்குத்து, விலகியிருந்தால் சமம். ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் எத்தனை மீட்டர் என்று வரைபடத்தின் ஓரத்தில் போட்டிருக்கும். அதை முதலில் பாருங்கள். 10 மீட்டர் இடைவெளி வரைபடத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு 20 மீட்டர் வரைபடம் பாதி மேட்டை மறைத்துவிடும்.

அடுத்து, கோடுகள் மேட்டுப் பக்கம் கூராக வளையும் இடங்கள். அவை பள்ளங்கள், ஓடை ஓடும் மடிப்புகள். பாதை அவற்றைக் குறுக்கே வெட்டுகிற ஒவ்வோர் இடத்திலும் இறங்கி ஏறப்போகிறீர்கள். முந்தின நாள் மழை பெய்திருந்தால் அங்கெல்லாம் தண்ணீர் இருக்கும். "ஏறக்குறைய சமதளம்" என்று யாரோ சொன்ன பாதையில் இப்படி ஏழெட்டு மடிப்புகள் இருந்தால் அது சமதளம் இல்லை.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் போன்ற வரைபடங்களைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். 2004-இல் தொடங்கி உலகம் முழுக்கத் தன்னார்வலர்கள் வரைந்து வருவது அது, காட்டுப் பாதைகள் விஷயத்தில் பல இடங்களில் அசத்தலாக இருக்கும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: எப்போதோ ஒருவர் நடந்து வரைந்த பாதை இன்று புதர் மூடிப் போயிருக்கலாம். வரைபடத்தில் கோடு இருக்கிறது என்பதற்காக நிலத்தில் வழி இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

கடைசியாக, பூங்கா நிர்வாகத்தின் அறிவிப்புகள். வாசல் எப்போது பூட்டுவார்கள், காட்டுத்தீ, மரம் வெட்டு, விலங்குகள் குட்டி போடும் பருவம் என்று எந்தப் பாதையாவது மூடியிருக்கிறதா என்பதெல்லாம். சலிப்பான வேலைதான். வண்டி உள்ளே, நீங்கள் வெளியே, நடுவில் பூட்டிய கேட் என்று ஒருமுறை நின்று பார்த்தால் சலிப்பு போய்விடும்.

வட்டப் பாதை நல்லதா, போய்த் திரும்பும் பாதை நல்லதா?

முதல் நாள் போய்த் திரும்புவதுதான். வட்டப் பாதையில் அழகு அதிகம், பார்த்ததையே மறுபடி பார்க்க வேண்டியதில்லை. ஆனால் அதற்குள் ஒரு பொறி இருக்கிறது. பாதியைத் தாண்டியதும் திரும்புவதைவிட முன்னேறுவதே கிட்டம் ஆகிவிடும். அப்புறம் பாதை எவ்வளவு மோசமானாலும், ஓடை எவ்வளவு பெருகியிருந்தாலும், "இனி திரும்பவா போகிறோம்" என்று துணிந்து இறங்கச் சொல்லும். போய்த் திரும்பும் பாதையில் எந்த நிமிடம் வேண்டாம் என்று தோன்றினாலும் திரும்பலாம், வந்த பாதை எப்படி இருக்கும் என்பது தெரிந்தது.

சின்ன வட்டம், 3 கி.மீ. போல, வாசலைத் தொட்டுச் செல்வதாகக் கிடைத்தால் அது இன்னும் மேல். தண்ணீரை வண்டியிலேயே வைத்துவிட்டு மூன்று சுற்று ஓடலாம். முதல் சுற்றில் தடுமாறிய கல்லை மூன்றாம் சுற்றில் கால் தானாகத் தாண்டும். அது தனி சுகம்.

கடிகாரத்தில் ஜி.பி.எக்ஸ். கோப்பு (ஒருவர் போன பாதையின் ஜி.பி.எஸ். பதிவு) ஏற்றி வைத்திருக்கிறேன். அப்புறமும் வழி தவறுமா?

தவறும். திறந்த வானத்தின் கீழ் செல்போனின் ஜி.பி.எஸ். சுமார் 5 மீட்டர் துல்லியத்தில் இடத்தைச் சொல்லும். அடர்ந்த மரத்தின் கீழும் பாறைச் சுவரின் பக்கத்திலும் சமிக்ஞை பட்டுத் தெறித்து வருவதால் அந்தப் பிழை பெருகும். சாலையில் 15 மீட்டர் பிழை ஒரு பொருட்டே இல்லை. காட்டில் இரண்டு பாதைகள் 10 மீட்டர் இடைவெளியில் ஒன்றாகக் கிளம்பி, ஒன்று மேலேயும் ஒன்று கீழேயும் போகும். நீங்கள் எதில் நிற்கிறீர்கள் என்று கடிகாரத்துக்கும் தெரியாது. இரண்டும் நன்றாக விலகிய பிறகுதான் "பாதை மாறிவிட்டீர்கள்" என்று அதிரும். இறக்கத்தில் வேகமாகப் போய்க்கொண்டிருந்தால் அதற்குள் இறங்கிய உயரத்தை எல்லாம் திரும்ப ஏற வேண்டும்.

இன்னொன்று, கோப்பை யார் பதிவு செய்தார்கள் என்பது. பேட்டரியை மிச்சப்படுத்த சில நொடிகளுக்கு ஒருமுறை மட்டும் புள்ளி வைத்த பதிவு என்றால், கொண்டை ஊசி வளைவுகள் எல்லாம் நேர்கோடாகத் தெரியும். அந்தக் கோட்டை நம்பிச் சரிவில் குறுக்கே இறங்கியவர்களை எனக்குத் தெரியும்.

செல்போன் பற்றி: ஜி.பி.எஸ். வேலை செய்ய செல்போன் சிக்னல் தேவையில்லை. வரைபடத்தை முன்பே இறக்கி வைத்திருந்தால் போதும். சிக்னல் இல்லாத இடத்தில் போன் கோபுரத்தைத் தேடித் தேடியே பேட்டரியைத் தின்னும். அதனால் ஃபிளைட் மோடில் போட்டு வைப்பது நல்லது. அவசரத்துக்கு எடுத்தால் உயிரோடு இருக்கும்.

திரும்பி வந்தது அதே வழிதான். அப்படியும் எப்படித் தவறினேன்?

இதை யாராவது கேட்டால் எனக்குள் ஒரு சந்தோஷம், ஏனென்றால் நானும் இதே கேள்வியைத் தலையில் அடித்துக்கொண்டு கேட்டவன்.

ஒரு பூங்காவில் ஏறத்தாழ 40 நிமிடம் உள்ளே போனேன். ஒற்றையடிப் பாதை, எங்கேயும் பிரிவே இல்லை என்று சத்தியம் செய்திருப்பேன். திரும்பி வரும்போது பாதை திடீரென்று கவையாகப் பிரிந்து நின்றது. வலப்பக்கம் அகலமாக, வண்டித் தடம் மாதிரி. இடப்பக்கம் ஒடுக்கமாக, சருகு மூடி. இப்படி ஓர் இடத்தைத் தாண்டிய ஞாபகமே இல்லை. அகலமானதுதான் வாசலுக்குப் போகும் என்று வலப்பக்கம் இறங்கினேன். ஓட ஓட சுகமான இறக்கம். இரண்டு கிலோமீட்டர் கழித்து ஓர் இரும்புக் கேட் குறுக்கே நின்றது. போகும்போது நான் எந்தக் கேட்டையும் தாண்டவில்லை. அந்த இரண்டு கிலோமீட்டரையும் ஏறித் திரும்பினேன்.

நடந்தது இதுதான். போகும்போது அந்த அகலப் பாதை என் இடது தோளுக்குப் பின்னாலிருந்து வந்து என் பாதையோடு சேர்ந்திருக்கிறது. முன்னால் பார்த்து ஓடுகிறவனுக்குப் பின்னாலிருந்து வந்து சேர்வது கண்ணில் படாது. திரும்பும்போது அதே சேர்க்கை பிரிவாக மாறிவிடுகிறது. போகும்போது பார்க்காத இடம் என்பதால் மனதில் அடையாளம் எதுவும் இல்லை. அங்கே யாரும் அகலமான பக்கத்தைத்தான் எடுப்பார்கள்.

அன்றிலிருந்து தெரியாத இடத்தில் அடிக்கடி நின்று திரும்பிப் பார்க்கிறேன். பாதை சற்று அகலமானாலோ, தரையின் நிறம் மாறினாலோ, சக்கரத் தடம் புதிதாகத் தெரிந்தாலோ, ஏதோ ஒன்று வந்து சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். நின்று, முழுசாகத் திரும்பி, இரண்டு நொடி பார்ப்பேன். சந்தேகமான இடம் என்றால் திரும்பும் திசையிலிருந்து ஒரு படம் எடுத்துக்கொள்வேன். முன்னோக்கி எடுத்த படம் வீடு திரும்ப உதவாது, நிறையப் பேர் அதைத்தான் எடுக்கிறார்கள். போனை எடுக்க மனமில்லாத நாளில் வேண்டாத கிளையின் குறுக்கே ஷூ நுனியால் ஒரு கோடு கிழிப்பேன், திரும்பும்போது காலாலேயே அழித்துவிடுவேன். அழிக்காமல் விட்டால் அடுத்து வருகிறவர் குழம்புவார்.

சரி, வழி தவறியே விட்டது. இப்போது?

நில்லுங்கள். முதலில் கால் நிற்க வேண்டும். வழி தவறிய உணர்வு வந்ததும் எல்லோரும் செய்வது வேகத்தைக் கூட்டுவது. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல் இருக்கும்போது ஓடினால் தவறு இரட்டிக்கும். தண்ணீர் குடியுங்கள், மூச்சு அடங்கட்டும். சந்தேகமே இல்லாமல் சரியான பாதையில் இருந்த கடைசி இடம் எது என்று யோசியுங்கள். அங்கே வரை வந்த வழியே திரும்புங்கள். அந்தப் பக்கம்தானே வாசல் என்று புதருக்குள் குறுக்கே இறங்காதீர்கள். ஓடையைப் பிடித்துக்கொண்டு இறங்கினால் ஊர் வரும் என்பதை நம்பாதீர்கள். ஓடைகள் நேராகப் போய் அருவியாகவும் வழுக்குப் பாறையாகவும் முடிகிற பழக்கம் உள்ளவை.

வந்த வழியும் தெரியவில்லை, இருட்டுகிறது என்றால் ஒரே இடத்தில் இருங்கள். தேடி வருகிறவர்களுக்கு நகராத ஆளைக் கண்டுபிடிப்பது சுலபம். விசில் அடியுங்கள். மலைப்பகுதிகளின் அவசர சமிக்ஞை ஒரு நிமிடத்தில் 6 முறை, பிறகு ஒரு நிமிடம் மௌனம், மறுபடி 6. பதிலாக நிமிடத்துக்கு 3 முறை வந்தால் யாரோ கேட்டுவிட்டார்கள் என்று பொருள். தொண்டையால் கத்தினால் பத்து நிமிடத்தில் குரல் போய்விடும், விசிலுக்கு அந்தக் கஷ்டமில்லை. ஓட்டப் பைகள் பலவற்றின் மார்புப் பட்டைக் கொக்கியிலேயே சின்ன விசில் இருக்கும். நிறையப் பேர் அதை வெறும் கொக்கி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அழைப்பு போகாத இடத்திலும் குறுஞ்செய்தி போகலாம், அதற்குச் சில நொடி சிக்னல் போதும். இருக்கும் இடத்தின் ஆயத்தொலைவுகளையும் சேர்த்து அனுப்புங்கள். 112 என்ற அவசர எண் மிகப் பல நாடுகளில் இயங்குகிறது. உங்கள் செல்போன் நிறுவனத்தின் கோபுரம் எட்டாவிட்டாலும் வேறு நிறுவனத்தின் கோபுரம் எட்டினால் அந்த வழியாகப் போக வாய்ப்பு உண்டு.

காட்டுப் பாதைக்கென்று தனி ஷூ வாங்கித்தான் ஆக வேண்டுமா?

காய்ந்த மண் பாதை என்றால் சாலை ஷூவே போதும். சேறு, சரளை, செங்குத்து இருந்தால் அடிப்பகுதியில் பிடிமானத்துக்காக 4 முதல் 6 மி.மீ. உயர முட்டுகள் உள்ள ஷூ வித்தியாசம் காட்டும். கூரான கல் நிறைந்த இடத்துக்கு உள்ளே கெட்டித் தகடு வைத்தவை உண்டு. ஈரமான வேர், பாசி பிடித்த பாறை, மழையில் நனைந்த மரப்பாலம், இந்த மூன்றிலும் எந்த ஷூவும் காப்பாற்றாது, விலை என்னவாக இருந்தாலும். அங்கே நடங்கள்.

பெருவிரலுக்கு முன்னால் ஒரு விரல் அகல இடம் இருக்கட்டும், இறக்கத்துக்கு முன் கயிற்றை மறுபடி இறுக்குங்கள். இல்லாவிட்டால் கால் முன்னால் சறுக்கிச் சறுக்கி நகம் கறுத்துவிடும்.

ஓடும்போது எங்கே பார்ப்பது? காலடியைப் பார்த்தால் தலை சுற்றுகிறது, நிமிர்ந்து பார்த்தால் தடுக்குகிறது.

காலடியைப் பார்க்காதீர்கள். அந்தக் கால் எங்கே விழும் என்று ஏற்கெனவே முடிவாகிவிட்டது, இனி பார்த்து ஆவதொன்றுமில்லை. மூன்று நான்கு மீட்டர் முன்னால் பாருங்கள். அங்கே கண் பார்த்த கல்லைச் சில எட்டு கழித்துக் கால் நினைவில் வைத்துத் தாண்டும். முதலில் நம்ப முடியாது, அரைமணியில் பழகிவிடும். சுற்றிலும் வேடிக்கை பார்க்க வேண்டும் என்றால் நின்று பாருங்கள். ஓடிக்கொண்டே பறவை பார்த்த ஒருவர் எழுந்தபோது வாயில் மண் இருந்தது. (யார் என்று சொல்லமாட்டேன்.)

சின்னச் சின்ன எட்டுகளாக, நிறைய வையுங்கள். நீண்ட எட்டு வைத்தால் உடம்பின் எடை முழுக்க ஒரே காலில், உடம்புக்கு முன்னால் விழும். அந்தக் கால் சறுக்கினால் திருத்த வழியில்லை. சின்ன எட்டில் ஒன்று சறுக்கினாலும் அடுத்த கால் உடனே வந்து தாங்கும். வேரின் மேல் மிதிக்காதீர்கள், தாண்டுங்கள். பாதைக்குக் குறுக்காகக் கிடக்கும் வேரைவிடச் சாய்வாகக் கிடக்கும் வேர் மோசம், மிதித்தால் தண்டவாளம் மாதிரி காலைப் பக்கவாட்டில் கொண்டுபோகும்.

இறக்கத்தில் பயந்து பின்னால் சாய்கிறோம். சாய்ந்தால் எடை குதிகாலுக்குப் போகிறது, குதிகால் வழுக்குகிறது, பயந்தபடியே உட்கார்ந்துவிடுகிறோம். சரிவுக்கு ஏற்ப லேசாக முன்னால் இருந்து, முழங்காலை மடக்கி, கைகளை விரித்து வைத்துக்கொள்ளுங்கள். பார்ப்பவர்களுக்குக் கோழி இறக்கை விரித்து ஓடுவது போலத்தான் தெரியும், தெரியட்டும்.

மேட்டில் நடந்தால் அது ஓட்டமா?

ஆம். செங்குத்தான ஏற்றத்தில் போட்டியில் முன்னணியில் இருப்பவர்களே தொடையில் கையை ஊன்றி நடக்கிறார்கள். மூச்சு வாங்கி ஒரு முழு வாக்கியம் பேச முடியாவிட்டால் நடங்கள். அவ்வளவுதான்.

தண்ணீர் எவ்வளவு? சாப்பிட ஏதாவது எடுத்துப் போகவா?

மணிக்கு அரை லிட்டர் என்று தொடங்குங்கள். வெயிலும் உங்கள் வேர்வையும் பார்த்துக் கூட்டிக் குறையுங்கள். நெய்ஸ்மித் கணக்கு தந்த நேரத்துக்கு எடுத்துப் போங்கள், நினைத்திருக்கும் ஓட்ட நேரத்துக்கு இல்லை. தாகத்துக்குக் குடித்தால் போதும். தாகம் இல்லாமல் லிட்டர் கணக்கில் வெறும் தண்ணீரைக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து, அதுவே ஆபத்தாகும். வரைபடத்தில் நீலப் புள்ளி போட்ட ஊற்றை நம்பிக் காலிக் குடுவையோடு போகாதீர்கள். வறண்டிருக்கலாம், வறளாவிட்டாலும் காய்ச்சாமல் குடிக்கத் தக்கதாக இல்லாமல் இருக்கலாம்.

ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தால் சாப்பாடு வேண்டாம். அதற்கு மேல் போனால் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து. அதோடு, திறக்கவே போவதில்லை என்ற நினைப்போடு ஒரு பொட்டலம் கூடுதலாக இருக்கட்டும்.

சூரியன் மறைய ஒன்றரை மணி நேரம் இருக்கிறது. ஓடிவிட்டு வந்துவிடலாமா?

நாட்காட்டியில் போட்டிருக்கும் அஸ்தமன நேரம் சமமான அடிவானத்துக்கு. மேற்கே மலை இருந்தால் சூரியன் அதற்கு முன்பே மறையும், மரத்தடியில் அதற்கும் முன்பே இருட்டும். கையை நீட்டி, விரல்களைப் படுக்கையாக வைத்து, சூரியனுக்கும் மேற்கே தெரியும் விளிம்புக்கும் நடுவில் எத்தனை விரல் பிடிக்கிறது என்று பாருங்கள். ஒரு விரல் ஏறத்தாழ 15 நிமிடம். நான்கு விரல் என்றால் ஒரு மணி. சூரியனை நேராக உற்றுப் பார்க்காமல் செய்யுங்கள்.

இருட்டைவிட எனக்குப் பயம் அதற்கு முந்தின அரைமணி. தாழ்ந்த வெயில் மரங்களுக்கிடையே வரிவரியாக விழும். வெளிச்ச வரி, நிழல் வரி, வெளிச்ச வரி. அந்த நிழல் வரிகளில் எது நிழல், எது வேர் என்று கண் பிரித்தறியாது. நான் விழுந்ததில் பாதிக்கு மேல் இந்த நேரத்தில்தான்.

பகல் ஓட்டத்துக்கும் ஒரு சின்ன விளக்கு பையில் இருக்கட்டும். நெற்றியில் கட்டும் விளக்கில் ஒரு குறை உண்டு: வெளிச்சம் கண் இருக்கும் இடத்திலிருந்தே போவதால் கல்லின் நிழல் கல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும், தரை தட்டையாகத் தெரியும். அதையே கழற்றி இடுப்பு உயரத்தில் பிடித்தால் ஒவ்வொரு கல்லுக்கும் நீளமாக நிழல் விழும், மேடுபள்ளம் எழுந்து வரும்.

இடி இடித்தால்?

மின்னலுக்கும் இடிக்கும் நடுவில் எண்ணுங்கள். 3 நொடிக்கு 1 கி.மீ. 30 நொடிக்குள் இடி கேட்டால் மின்னல் 10 கி.மீ.க்குள் இருக்கிறது, ஓட்டம் முடிந்தது. முகட்டிலிருந்தும் வெட்டவெளியிலிருந்தும் இறங்குங்கள், தனியாக நிற்கும் உயர்ந்த மரத்தடியில் ஒதுங்காதீர்கள். கட்டடமோ மூடிய வண்டியோ கிடைத்தால் அதற்குள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும் வரை வெளியே வராதீர்கள். உயரம் ஏற ஏறக் குளிரும் என்பதையும் மறக்க வேண்டாம். 1000 மீட்டருக்கு ஏறத்தாழ 6.5 டிகிரி குறையும். நனைந்த பனியனோடு காற்றில் நின்றால் அது இரண்டு மடங்காகத் தெரியும்.

பாம்பு, தேனீ, மற்ற விலங்குகள்?

பெரிய விலங்குகளுக்குப் பொதுவிதி சொல்ல முடியாது. ஒன்றின் முன் ஓடாமல் மெதுவாகப் பின்வாங்க வேண்டும், இன்னொன்றிடமிருந்து உடனே விலகி ஓட வேண்டும். எந்த விலங்கு இருக்கிறது, கண்டால் என்ன செய்வது என்று பூங்கா வாசல் பலகையில் எழுதியிருப்பார்கள், அல்லது வாசலில் இருப்பவர் சொல்வார். கேளுங்கள். காதில் இயர்போன் மாட்டாதீர்கள், ஒரு காதில் கூட. சருகு சரசரப்பதும் கிளை முறிவதும்தான் அங்கே கிடைக்கும் முன்னறிவிப்பு.

பாதையில் மரம் விழுந்து கிடந்தால் ஒரே தாவலில் தாண்டாதீர்கள். மேலே ஏறி நின்று, அந்தப் பக்கம் பார்த்து, பிறகு இறங்குங்கள். மரத்தின் நிழல் பக்கம் பாம்புக்குப் பிடித்த இடம். கடித்தால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். மோதிரம், கடிகாரம் கழற்றிவிட்டு, கடிபட்ட உறுப்பை அசைக்காமல், முடிந்தவரை நடக்காமல், மருத்துவமனைக்கு. தேனீ துரத்தினால் கையை வீசாமல், முகத்தை மூடிக்கொண்டு, கூட்டை விட்டு வெகுதூரம் ஓடுங்கள். அன்றைய வேகப் பயிற்சி அதோடு முடிந்தது. புல் உரசும் பாதை என்றால் வீடு வந்ததும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குளில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

தனியாகப் போகலாமா?

நான் போகிறேன், அதனால் போகாதீர்கள் என்று சொல்ல வாய் வராது. ஆனால் சொல்லிவிட்டுப் போங்கள். "பூங்காவுக்கு ஓடப் போகிறேன்" என்பது சொன்னதாகாது. எந்த வாசல், எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவேன், எத்தனை மணிக்குள் செய்தி வராவிட்டால் யாரை அழைக்க வேண்டும், இந்த நான்கும் எழுத்தில் ஒருவரிடம் இருக்க வேண்டும். திரும்பியதும் முதல் வேலை அவருக்குச் செய்தி அனுப்புவது. ஒருமுறை நான் வந்து, குளித்து, தூங்கியும் போய்விட்டேன். என் அக்கா பூங்கா அலுவலகத்துக்குப் போன் போட்டு, அவர்கள் ஆள் அனுப்பக் கிளம்பிய நேரத்தில் விழித்தேன். அக்கா அதை இன்னும் மறக்கவில்லை.

கணுக்கால் பிரண்டுவிட்டது. தொடர்ந்து ஓடலாமா?

முதல் வலி அடங்கும் வரை உட்காருங்கள், எழுந்து நான்கு எட்டு வையுங்கள். நான்கு எட்டு வைக்கவே முடியவில்லை, அல்லது கணுக்கால் மொட்டின் எலும்பை அழுத்தினால் உயிர் போகிறது என்றால் எக்ஸ்-ரே எடுத்தாக வேண்டும், உதவிக்கு அழையுங்கள். நடக்க முடிந்தால் நடந்து, குறுகிய வழியில் வெளியே. ஷூவைக் கழற்றிப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். வீங்கிய காலில் அதை மறுபடி மாட்ட முடியாமல் போகலாம். ஓடலாமா என்ற கேள்விக்குப் பதில் இல்லை என்பதுதான்.

எதிரே ஆள் வந்தால் யார் ஒதுங்குவது?

ஓடுகிறவர் நடப்பவருக்கும் குதிரைக்கும் ஒதுங்குவது பொதுவான வழக்கம். ஒற்றையடிப் பாதையில் ஏறுகிறவருக்கு இறங்குகிறவர் வழிவிட வேண்டும். பின்னாலிருந்து வந்தால் தொலைவிலேயே குரல் கொடுங்கள், தோளுக்குப் பின்னால் திடீரென்று மூச்சு கேட்டால் யாருக்கும் தூக்கிவாரிப் போடும். நடுவில் சேறு இருந்தால் அதன் நடுவிலேயே போங்கள். ஷூ நனையக்கூடாது என்று ஆளாளுக்கு ஓரத்துப் புல்லை மிதித்தால் ஒற்றையடி ஒரு வருடத்தில் வண்டிப் பாதை ஆகிவிடும்.

மூச்சு நன்றாக இருந்தது, ஆனால் மறுநாள் மாடிப்படி இறங்க முடியவில்லை. ஏன்?

இறக்கத்தின் வேலை. இறங்கும்போது முன்தொடைத் தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்குகிறது, அந்த வகை உழைப்புதான் தசை நார்களில் நுண்ணிய சேதம் செய்யும். வலி ஒன்றிலிருந்து மூன்று நாள் வரை உச்சத்தில் இருந்து அடங்கும். ஒரு நல்ல செய்தி: ஒருமுறை இப்படி அடிபட்ட தசை அடுத்த முறை அதே இறக்கத்துக்கு இவ்வளவு வலிக்காது, சில வாரங்கள் அந்தப் பாதுகாப்பு நிற்கும்.

அப்படியானால் இரண்டாம் முறை எப்போது, எப்படி?

தொடை வலி போனதும். முதல் முறை போய்த் திரும்பிய பாதையே வட்டத்தின் ஒரு பகுதியாக இருந்தால் இப்போது வட்டத்தை முழுக்க ஓடலாம், ஆனால் எதிர்த் திசையிலிருந்து தொடங்குங்கள். தெரியாத பாதி முதலில் வரும், அதற்குள் கால் தளர்ந்திருக்காது. தெரிந்த பாதி கடைசியில் வரும். அந்த அகலப் பாதை வந்து சேர்கிற முச்சந்தியில் எந்தப் பக்கம் என்று யோசிக்க நிற்க வேண்டியிருக்காது.